இதோ வந்துட்டேன்

நான் பார்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை. வயதானவர்களைத் தங்கவைத்துக் கவனித்துக்கொள்ளும் இல்லங்களுக்குப் போய், அவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். என்றைக்கு வருவேன் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். போய் இறங்கியதும் வாசலில் ஒரு பரபரப்பு எழும். யாரோ உள்ளே ஓடுவார்கள், எங்கோ வாளி உருளும், கழிவறைப் பக்கமிருந்து பினாயில் வாசனை புறப்பட்டு வரும். "மாமியார் வந்து இறங்கின வீடு மாதிரி இருக்குமாக்கா?" என்று என் தம்பி கிண்டல் செய்வான்.

அன்று போன இல்லத்தில் வாளி உருளவில்லை.

ரயில் பாதையை ஒட்டிய அமைதியான தெருவின் கோடியில் இருந்தது அது. நீளமான பழைய கட்டடம், ஒரே ஒரு மாடி. உள்ளே நுழைந்தால் வெளிச்சம், துடைத்த தரை, ஜன்னலோரம் நாற்காலிகளில் நகம் வெட்டிச் சவரம் செய்த தாத்தாக்கள். மேனேஜரம்மா முன்னாள் நர்ஸ். என் அடையாள அட்டையைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை.

"எங்க வேணும்னாலும் போங்க மேடம். எதை வேணும்னாலும் தொறந்து பாருங்க. நான் கூட வரணுமா, வேணாமா?"

"வேணாம்."

"ரொம்ப சந்தோஷம். எனக்கும் தலைக்கு மேல வேலை" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் அலுவலகத்துக்காக மட்டும் பார்க்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் என் அப்பா படுக்கையில் இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு பக்கம் அசையாது. படுத்த வாக்கில் இருமல் வந்தால் யாராவது தூக்கி உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும். பகலில் ஒரு ஆயாம்மா பார்த்துக்கொள்வார். சாயங்காலம் அவர் கிளம்புவதற்குள் நான் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அப்பாவுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

தம்பி வெளியூரில் இருந்தான். "எத்தனை நாளைக்குக்கா இப்படியே ஓடுவ? ஊர்ல இருக்கற இல்லமெல்லாம் உனக்கு அத்துப்படி. நல்ல எடமா ஒண்ணு பாரு, சேத்துடலாம்" என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலையில் நான் செருப்பு மாட்டும்போது மட்டும் கேட்பார்.

"பாப்பா, சாயங்காலம் வந்துடுவல்ல?"

எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். அந்தக் கேள்வி என் நெஞ்சைப் பிசையும். ஆனாலும் நான் களைத்துப்போயிருந்தேன். இந்த இல்லத்தின் கூடத்தில் நின்றபோது, இங்கே அப்பாவுக்கு ஒரு கட்டில் கிடைத்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது.

எந்த இல்லத்தையும் எடைபோட எனக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. மெனுவும் மெத்தையும் இரண்டாம்பட்சம். படுக்கையில் இருப்பவர் கூப்பிடுகிறார், வேலையாள் எங்கிருந்தோ "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறார். அந்தக் குரலுக்கும் ஆள் வந்து நிற்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது? அதுதான் அந்த இல்லத்தின் தரம். நம் மொழியில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. இன்னும் எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் வந்துட்டேனாம். நானும் இந்தப் பொய்யை அப்பாவிடம் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

இங்கே அந்தச் சொல்லே காதில் விழவில்லை. மணி அடிக்கும். சத்தமில்லாமல் ஒருவர் எழுந்து போவார். "இருங்க", "வரேன்" என்றுகூட ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. அசந்துபோனேன். மேனேஜரம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"இங்க வாயால பதில் சொல்லக் கூடாதுன்னு ரூல் மேடம். காலாலதான் பதில்" என்றார். சொல்லிவிட்டு ஒருமுறை மாடிப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாடியில் படியேறியதும் முதல் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றார்கள். பஸ்ஸில் காலம் முழுக்க நின்றே கழித்ததால் முழங்கால் இரண்டும் போய்விட்டது, நடக்க நாலுகால் கம்பி வேண்டும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"ஏறு ஏறு, உள்ள ஏறு" என்று வரவேற்றார். "கால் மாத்தி நின்னா எல்லாருக்கும் எடம் இருக்கு."

"இங்க நல்லா பாத்துக்கறாங்களாய்யா?"

"ராஜா மாதிரி. ஒரே குறை, இந்த வண்டிக்கு ரிட்டர்ன் டிக்கெட் கெடையாது."

சிரித்துவிட்டேன். மனதுக்குள் அப்பாவைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேன். இந்த மனுஷனோடு பேசிக்கொண்டிருந்தால் அப்பாவுக்குப் பொழுது போய்விடும்.

"வேற கட்டில் ஏதாவது காலியா இருக்கா?" என்று கேட்டேன். "அந்தக் கோடி ரூம் மூடியிருக்கே?"

கண்டக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அந்த ஸ்டாப்புல வண்டி நிக்காது மேடம்."

"ஏன்?"

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "பாக்கணும்னா பாருங்க, உங்க வேலை அது. ஆனா அங்க போய் 'வந்துட்டேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சொன்னா?"

"அது ஒரு ஆளோட பேரு."

அதற்குள் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாள். கண்டக்டர் தட்டை வாங்கிச் சோற்றைப் பிசையத் தொடங்கிவிட்டார்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எத்தனை இல்லம் பார்த்திருக்கிறேன், எத்தனை பேர் என் காதில் பூ சுற்றப் பார்த்திருக்கிறார்கள்! கண்ணுக்கு எட்டியதையெல்லாம் பளபளவென்று வைத்துவிட்டு, அழுக்கையெல்லாம் ஓர் அறையில் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். இவ்வளவு சுத்தமான இடத்தில் ஒரு மூடிய அறை என்றால் அதில் என்னவோ இருக்கிறது. என் அப்பாவைக் கொண்டுவந்து விடப்போகும் இடம். பார்க்காமல் போனால் எப்படி?

சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். கட்டடம் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நடைக்கோடிக்குப் போய்க் கைப்பிடியைத் திருகினேன். பூட்டவில்லை. திறந்துகொண்டது.

உள்ளே அழுக்கோ உடைசலோ எதுவும் இல்லை. ஒரு கட்டில், ஒரு சிறிய மேசை, ஒரு ஜன்னல். மதிய வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. தரை முழுக்கத் தூசி, என் செருப்புத் தடம் அதில் பளிச்சென்று பதிந்தது. ஜன்னல் கம்பியில் ஒட்டடை.

கட்டிலில் மட்டும் தூசி இல்லை.

அன்று காலையில் விரித்தது போன்ற வெள்ளை விரிப்பு. நாலு ஓரமும் மெத்தைக்கு அடியில் சுருக்கமே இல்லாமல் செருகியிருந்தது. கால்மாட்டில் மடித்து வைத்த போர்வை. இவ்வளவு நேர்த்தியாக ஒரு படுக்கையை நான் எங்கும் பார்த்ததில்லை.

எந்த இல்லத்துக்குப் போனாலும் யாரும் பார்க்காத நேரத்தில் நான் ஒரு காரியம் செய்வேன். காலிக் கட்டிலில் படுத்துப் பார்ப்பேன். அங்கே கிடப்பவருக்கு என்ன தெரிகிறது, தண்ணீர் எட்டுகிறதா, மணி எட்டுகிறதா என்று நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. அன்றும் கதவைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். போனை மேசையில் வைத்தேன். படுத்தேன்.

தலைமாட்டில் மணிப் பொத்தான் தொங்கியது. அழுத்தினேன். சத்தம் வரவில்லை. ஒயரை இழுத்துப் பார்த்தேன், வெட்டிய முனை கையோடு வந்தது. சரிதான், இந்த அறையில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது.

அப்போது போன் அடித்தது. அப்பா. ஆயாம்மா போட்டுக் கொடுத்திருப்பார். படுத்தபடியே எடுத்தேன்.

"பாப்பா, எப்ப வருவ?"

"வேலை முடியப்போகுதுப்பா."

"அந்தம்மா இன்னைக்குச் சீக்கிரம் போகணுமாம். அவங்க வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லையாம்."

"சரிப்பா, பயப்படாதீங்க. இதோ வந்துட்டேன்."

பழக்க தோஷம். சொல்லி முடித்த பிறகுதான் கண்டக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. போனை மேசையில் வைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

"இதோ வந்துட்டேன்."

கீழே மாடிப்படியின் அடியிலிருந்து வந்தது குரல். ஒரு பெண்ணின் குரல், கொஞ்சம் மூச்சிரைப்போடு.

ஆஹா, பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கேயும் வாயால் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மேனேஜரம்மாவின் ரூல் ஓட்டை. அப்புறம்தான் உறைத்தது. மணி அடிக்கவே இல்லையே. யாருக்குப் பதில் சொல்கிறாள்?

படியில் காலடி கேட்டது. நனைந்த ரப்பர் செருப்பு. சளக், சளக், சளக். வேகமாக ஏறி வந்து, படி திரும்பும் இடத்தில் நின்றது. அடுத்த அடி கேட்கும் என்று காத்திருந்தேன்.

மறுபடி கீழ்ப்படியிலிருந்து கேட்டது.

"இதோ வந்துட்டேன்." சளக், சளக், சளக். திருப்பம் வரை. அப்புறம் அமைதி. அப்புறம் மறுபடி அடியிலிருந்து. இறங்கிப் போகும் சத்தம் மட்டும் இல்லவே இல்லை.

வெளியே மழை இல்லை. நல்ல வெயில். ஆனால் அந்தச் செருப்பு நனைந்திருந்தது.

எழுந்து போயிருக்கலாம். நான் பயப்படவில்லை, எரிச்சல்பட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. யாரோ என்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, படுத்தபடியே சத்தமாகச் சொன்னேன்.

"யாருங்க அது? இங்கதான் இருக்கேன். மேல வாங்க."

செருப்புச் சத்தம் திருப்பத்தைத் தாண்டியது.

நடையில் வந்தது. இப்போது அவசரமே இல்லை, சாவகாசமாக ஒவ்வோர் அடியாக வந்தது. கதவுக்கு வெளியே நின்றது. கதவின் அடியில் இருந்த வெளிச்சக் கோடு நடுவில் கறுத்தது. ஈரத்தலை வாசனையும் முகப்பவுடர் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன.

கதவு திறக்கவில்லை.

"வந்துட்டேன்."

என் தலைமாட்டில்.

துள்ளி எழப் பார்த்தேன். தோள் எழவில்லை. கால்மாட்டில் மடித்து இருந்த போர்வை என் கழுத்து வரை வந்திருந்தது. வலது பக்க மெத்தையின் ஓரம் மெல்லத் தூக்கப்பட்டது. போர்வையின் விளிம்பு அதன் அடியில் போயிற்று. மெத்தை இறங்கியது. அப்புறம் முழங்கைக்குப் பக்கத்தில், அப்புறம் இடுப்புக்குப் பக்கத்தில். கை எதுவும் தெரியவில்லை. செருகும்போது உள்ளங்கையால் நீவிவிடும் அந்தச் சரக் சத்தம் மட்டும் கேட்டது. கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தது.

எந்த அவசரமும் இல்லாமல், அக்கறையாக.

முழுவதும் செருகி முடித்தபோது என் கைகள் விலாவோடு ஒட்டிக் கிடந்தன. விரலை மட்டும் அசைக்க முடிந்தது. மூச்சை இழுத்தால் போர்வை நெஞ்சை அழுத்தியது. கத்த வாயைத் திறந்தேன். குளிர்ந்த எதுவோ உதட்டின் மேல் படிந்தது.

"ஷ்ஷ். எல்லாரும் தூங்கறாங்க."

ஒரு சீப்பு என் நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போனது. மெதுவாக, சிக்கெடுத்து, மறுபடி மெதுவாக. ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டுத் தண்ணீர் காதோரம் விழுந்து கழுத்துக்குள் இறங்கியது. முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒருவேளை அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"கூப்பிட்டதும் வந்துட்டேன், பாத்தீங்களா?"

தரையில் இருந்த வெயில் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது நகர்ந்துகொண்டிருந்தது. சுவரடிக்குப் போனது. சுவரில் ஏறத் தொடங்கியது. நான் அசைய முயன்ற ஒவ்வொரு தடவையும் போர்வை இன்னும் கொஞ்சம் இறுக்கப்பட்டது. கோபமாக இல்லை. குழந்தை உருண்டு விழுந்துவிடக் கூடாதே என்று அண்டக்கொடுப்பது போலத்தான் இருந்தது.

மேசையில் போன் அடித்தது. கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் திரையில் "அப்பா" என்பது தெரிந்தது. அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. ஆயாம்மா கிளம்பிக்கொண்டிருப்பார். அப்பா படுத்துக் கிடப்பார். இருமல் வரும். "பாப்பா" என்று கூப்பிடுவார். நான் இங்கே ஒரு போர்வைக்குள் கட்டுண்டு கிடக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணீரை யாரோ ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார்கள்.

"நல்லா பாத்துக்கறேன்ல?" என்றது குரல். கெஞ்சுவது போல. "சொல்லுங்க. நான் நல்லா பாத்துக்கறேன்ல?"

இத்தனை வருடத்தில் எத்தனை அறைகளில், எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி! பதில் சொல்லும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டிருப்பேன். இப்போது கட்டிலில் நான்.

உதட்டின் மேலிருந்த குளிர்ச்சி விலகியது.

"என்னை விட்டுடுங்க" என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது. "எங்கப்பா தனியா இருப்பாரு. அவரால எந்திரிக்க முடியாது. யாராவது பக்கத்துல இருக்கணும்."

சீப்பு நின்றது.

"படுக்கையிலயா இருக்காரு?"

"ஆமா."

"கூப்பிட்டா வர ஆள் இல்லையா?"

"இல்ல. என்னை விட்டா யாரும் இல்ல."

சொட்டுத் தண்ணீர் ஒன்று தலையணையில் விழுந்தது. அந்தக் குரல் மறுபடி, என் காதை ஒட்டிக் கேட்டது.

"நான் நல்லா பாத்துக்கறேன்ல?"

"நல்லா பாத்துக்கறீங்க" என்றேன். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. "ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க. ஒரு குறையும் இல்ல."

போன் அடித்தது.

இந்த முறை பாதியில் நின்றது. யாரோ எடுத்தார்கள். அப்பாவின் குரல் கம்மலாக, "பாப்பா? எங்கம்மா இருக்க?" என்றது.

பதில் வந்தது. மேசைக்குப் பக்கத்திலிருந்து.

"இதோ வந்துட்டேன்ப்பா."

அது என் குரல்.

செருப்புச் சத்தம் நடையில் போயிற்று. சளக், சளக். படியில் இறங்கியது. திருப்பத்தைத் தாண்டியது. கடைசிப் படிவரை இறங்கி, வாசல் பக்கம் போய்த் தேய்ந்து மறைந்தது.

என்ன கத்தினேன் என்று தெரியாது. கதவு திறந்தபோது கண்டக்டர் நாலுகால் கம்பியோடு நின்றிருந்தார், அவருக்கு முன்னால் மேனேஜரம்மா. அந்த அம்மாள் இரண்டு கையாலும் போர்வையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து மெத்தையைத் தூக்கி ஓரம் ஓரமாகப் பிய்த்து எடுத்தார்.

"இதுக்குத்தான் மேடம் இந்த ரூமை யாருக்கும் குடுக்கறதில்ல" என்று அழுதுவிட்டார்.

கண்டக்டர்தான் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். மேனேஜரம்மா இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்ததாம். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயாவை வைத்திருந்தார்கள்.

"கெட்டவ இல்ல மேடம். ஒரு ஆளு எத்தனை பேருக்கு ஓடுவா? எங்க கூப்பிட்டாலும் 'இதோ வந்துட்டேன்'னு குரல் மட்டும் வந்துடும். நாங்க அவளுக்கு அதையே பேரா வெச்சுட்டோம். இந்த ரூம்ல இருந்தவரு பொரண்டு விழுந்துடக் கூடாதுன்னு போர்வையை இறுக்கிச் செருகிட்டுப் போவா. ஒருநாள் நல்ல மழை. இவரு மூச்சு முட்டிக் கூப்பிடறாரு. அவ கீழ இருந்து 'வந்துட்டேன்'னு சொல்லிட்டு ஓடி வந்தா. ஈரச் செருப்பு. அந்தத் திருப்பத்துல வழுக்கி, தலை சுவத்துல..."

கட்டிலைக் கைகாட்டினார்.

"இவரும் கையை எடுக்க முடியாம, மூச்சுத் தெணறிச் செத்துட்டாரு. அன்னையிலேர்ந்து ஏறிக்கிட்டே இருக்கா. நான் தெனமும் கேக்கறேன். ஏறற சத்தம் மட்டும்தான் கேக்கும்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்குத்தான் எறங்கற சத்தம் கேட்டுது. எங்க மேடம் போறா?"

எனக்குத் தெரியும். போனை மட்டும் எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

ஆட்டோவில் ஏறியதிலிருந்து அப்பாவுக்கு அடித்துக்கொண்டே வந்தேன். போனை எடுக்க ஆள் இல்லை. எங்கள் தெருமுனையில் ஆயாம்மா கையில் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் குழம்பியது.

"என்னங்க இது, இப்பத்தானே உள்ள வந்தீங்க?"

"யாரு?"

"நீங்கதான். நான் சமையல்கட்டுல இருந்தேன். 'வந்துட்டேன், நீங்க கெளம்புங்க'ன்னு அப்பா ரூம்லேர்ந்து சொன்னீங்களே. நானும் சரின்னு கெளம்பிட்டேன்."

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே முகப்பவுடர் வாசனை. கூடத்துத் தரையில் ஈரத்தடங்கள் அப்பாவின் அறைவரை போயிருந்தன. திரும்பி வரும் தடம் இல்லை.

அப்பா மல்லாந்து கிடந்தார். முகத்தில் பவுடர். படிய வாரிய தலை. கழுத்துவரை போர்வை, நாலு ஓரமும் சுருக்கமில்லாமல் மெத்தைக்கு அடியில். அவர் முகம் நீலம் பாரித்திருந்தது, வாய் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, மெத்தையோடு சேர்த்துத் தூக்கிப் போர்வையைப் பிய்த்தேன். அவரை வாரி எடுத்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். இருமினார். இருமி இருமி மூச்சு வந்தது.

"ஏம்மா இவ்ளோ இறுக்கின?" என்றார். "கையை எடுக்க முடியல. கூப்பிடறேன், பக்கத்துல உக்காந்துக்கிட்டே 'வந்துட்டேன், வந்துட்டேன்'ங்கற."

அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் அசையும் கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இது நடந்து பல மாதங்கள் ஆகின்றன. அந்த இல்லத்தின் கோடி அறையில் இப்போது ஒரு அம்மாள் தங்கியிருக்கிறார். படியில் ஒரு சத்தமும் கிடையாது, மாடி அமைதியாக இருக்கிறது என்று மேனேஜரம்மா போனில் சொன்னார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

நான் வேலையை விட்டுவிட்டேன். தம்பிக்குக் காரணம் சொல்லவில்லை, சொன்னால் என்னையும் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுவான். அப்பா அறையில் போர்வை கிடையாது, மெத்தையை எடுத்துவிட்டு வெறும் பாய்தான் என்று ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். அவருக்கு முதுகில் புண் வந்தது. மறுபடி மெத்தை போட வேண்டியதாயிற்று. கடைக்குப் போவதில்லை, எல்லாம் வாசலுக்கே வருகிறது. குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்துக் குளிக்கிறேன். அவர் "பாப்பா" என்று ஆரம்பித்தால் "பா" என்பதற்குள் நான் எழுந்து ஓட வேண்டும். வாயால் பதில் சொல்ல மாட்டேன். நானா அவளா, யார் முதலில் போய்ச் சேருகிறோம் என்பதுதான் கணக்கு. இதுவரை நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அணைக்கத் திரும்பிய அந்தக் கணத்தில் அப்பா கூப்பிட்டார். பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நான் தலையணை வைத்துச் சாய்த்துவிட்டபடியே அப்பா உட்கார்ந்திருந்தார். முகத்தில் நல்ல தெளிச்சி. வாசலில் மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பிக் கட்டிலின் அந்தப் பக்கம் பார்த்தார். சிரித்தார்.

"ஒரு வாய் தண்ணி கேட்டதுக்கு ரெண்டு பேருமா ஓடி வருவீங்க?"

அந்தப் பக்கம் யாரும் இல்லை. மெத்தையின் ஓரம் மட்டும் சற்றே உயர்ந்திருந்தது. விரிப்பின் விளிம்பு அதன் அடியில் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.